உடையும் கூரையில் ஏறும் முன்: சிமெண்ட் ஷீட் வேலையில் உயிர் காக்கும் அடிப்படைகள்

ஐப்பசி பிறக்கப் போகிறது என்றால் ஷெட் வைத்திருப்பவர்களுக்குக் கூரை நினைவு வந்துவிடும். போன மழைக்கு எங்கே ஒழுகியது, எந்த ஷீட்டில் விரிசல், எந்த போல்ட்டில் வாஷர் போயிற்று என்று பார்க்க ஆள் ஏற்றுவார்கள். விசைத்தறிக் கூடம், அரிசி ஆலை, குடோன், பழைய கல்யாண மண்டபம் என எங்கே போனாலும் தலைக்கு மேலே இருப்பது பெரும்பாலும் அலை அலையான சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட்தான். வெளிச்சத்துக்காக இடையிடையே சில ஃபைபர் ஷீட்டுகள் போட்டிருப்பார்கள்.

ஏறுகிறவர் கூரை வேலை தெரிந்தவராகத்தான் இருப்பார் என்று சொல்ல முடியாது. பெயிண்டர் ஏறுவார், எலக்ட்ரீஷியன் ஏறுவார், கேமரா மாட்ட வந்த பையன் ஏறுவான், இப்போது சோலார் பேனல் துடைக்கிறவர்களும் ஏறுகிறார்கள். "அண்ணே, அஞ்சு நிமிஷ வேலைதான்" என்று சொல்லிவிட்டு ஏணியில் கால் வைக்கிற இவர்களுக்காகவும், இவர்களை ஏறச் சொல்கிற முதலாளி, மேஸ்திரி, சூப்பர்வைசர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் பிடிபட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. சிமெண்ட் ஷீட் கூரையைத் தரை என்று மனதில் வைத்துக்கொண்டு வேலையைத் திட்டமிடக் கூடாது. ஷீட்டே இல்லை, வெறும் இரும்புச் சட்டம் மட்டும்தான் மேலே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் என்னென்ன ஏற்பாடு செய்வோமோ, அதையேதான் ஷீட் இருக்கும்போதும் செய்ய வேண்டும். மீதி எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

எந்தக் கூரை உடையும் கூரை?

ஒருவர் மேலே நிற்கும்போதோ, தடுக்கி விழும்போதோ, கையிலிருக்கும் சாமான் நழுவும்போதோ உடைந்து ஆளை உள்ளே விடக்கூடிய எந்தக் கூரையும் உடையும் கூரைதான். நின்றால் தாங்குமா என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை, விழுந்தால் தாங்குமா என்றும் கேட்க வேண்டும். பிரிட்டனில் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. 45 கிலோ மணல் மூட்டையை 1.2 மீட்டர் உயரத்திலிருந்து ஷீட்டின் மேல் போட்டுப் பார்க்கிறார்கள். மூட்டை உள்ளே போய்விட்டால் அது உடையும் கூரை. கால் இடறி ஒரு ஆள் தடாலென்று விழுவதற்குப் பதிலாகத்தான் அந்த மூட்டை.

நம் ஊரில் வழக்கமாகப் போடுகிற சிமெண்ட் ஷீட்டின் கனம் 6 மில்லிமீட்டர். பர்லின் என்று நாம் சொல்லும் குறுக்குச் சட்டங்கள் ஒன்றுக்கொன்று 1.4 மீட்டர் வரை தள்ளி இருக்கலாம். அதாவது நாலரை அடி இடைவெளியில், ஒரு சுண்டுவிரல் கனம்கூட இல்லாத ஒரு வில்லையின் மேல்தான் ஆள் நிற்கிறார்.

சிமெண்ட்டுக்கு நசுக்குகிற அழுத்தத்தைத் தாங்கத் தெரியும். வளைத்தால் தாங்காது. ஷீட்டின் நடுவில் எடை வரும்போது அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது, விரிசல் அங்கேதான் தொடங்கும். மேலே நிற்பவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. இரும்புத் தகடாக இருந்தால் வளையும், குழியும், கிரீச்சென்று சத்தம் கொடுக்கும்; கால் எடுக்க ஒரு நொடியாவது கிடைக்கும். சிமெண்ட் ஷீட் உலர்ந்த அப்பளம் மாதிரி, வளையாமல் ஒரே அடியாக நொறுங்கும். சத்தம் கேட்கும்போது ஆள் ஏற்கெனவே உள்ளே போய்க்கொண்டிருப்பார்.

ஆண்டுகள் போகப் போக நிலைமை இன்னும் மோசமாகும். போல்ட்டை அதிகமாக முறுக்கியதால் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விட்டிருக்கும். பக்கத்துத் தென்னை மரத்திலிருந்து மட்டையும் காயும் விழுந்திருக்கும். பாசி படிந்து ஈரம் ஊறியிருக்கும். விரிசலை மறைத்துத் தாரும் டேப்பும் ஒட்டியிருப்பார்கள். ஒட்டிய இடத்தில் ஒழுகல் நிற்கும், ஆனால் ஆள் எடையைத் தாங்கும் வலு திரும்பி வராது.

இத்தனையும் தெரிந்த பிறகும் ஏன் ஏறுகிறார்கள்? பல தடவை தாங்கியிருக்கிறது, அதனால்தான். "போன வருஷம் இதே இடத்துல நின்னுதான்யா ஒட்டினேன்" என்பது பொய்யல்ல, உண்மையாகவே நின்றிருப்பார். நல்ல ஷீட், பர்லினுக்குப் பக்கத்தில், மெதுவாக வைத்த கால் என்றால் பெரும்பாலும் தாங்கிவிடும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. தொட்டதும் உடைகிற பொருளாக இருந்தால் யாரும் ஏறவே மாட்டார்கள். போன தடவை தாங்கியது போன தடவைக்கு மட்டும்தான் சாட்சி. அதற்குப் பிறகு எந்த விரிசல் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது மேலே நடந்து பார்த்துத் தெரிந்துகொள்ளும் விஷயம் அல்ல.

ஃபைபர் ஷீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதிதாகப் போட்டபோது பளிச்சென்று வெளிச்சம் தெரியும், யாரும் அதில் கால் வைக்க மாட்டார்கள். சில வருட வெயிலில் மங்கிப் பழுப்பேறும், மேலே தூசியும் பஞ்சும் இலையும் படியும். கொஞ்ச நாளில் பக்கத்துச் சிமெண்ட் ஷீட்டுக்கும் அதற்கும் நிறத்தில் வித்தியாசமே இருக்காது. சூடு குறையட்டும் என்று கூரை முழுக்க வெள்ளைப் பெயிண்ட் அடித்துவிட்டால் முற்றிலும் மறைந்துவிடும். உறுதியான இரும்புத் தகட்டுக் கூரையில்கூட இந்த ஒன்றிரண்டு ஷீட்டுகள் வழியாகத்தான் ஆள் உள்ளே விழுகிறார். தகடு தாங்குகிற தைரியத்தில் அடுத்த அடியை இதன் மேல் வைத்துவிடுகிறார்.

கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு, செலவும் கிடையாது. உச்சி வெயில் நேரத்தில் ஷெட்டுக்கு உள்ளே நின்று விளக்குகளை அணைத்துவிட்டு அண்ணாந்து பாருங்கள். மேலிருந்து தெரியாத ஃபைபர் ஷீட் கீழிருந்து மங்கலாக வெளிச்சம் விடும். விரிசல் கோடாகத் தெரியும், போல்ட் துளை பெரிதாகியிருந்தால் புள்ளியாகத் தெரியும். ஒரு தாளில் தூண் வரிசைகளை வரைந்து, எந்த இரண்டு தூண்களுக்கு நடுவே எது இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேலே ஏற்பாடு செய்பவர் கையில் அந்தத் தாள் இருக்க வேண்டும்.

இரும்புத் தகடு என்றாலே பயமில்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். சாயப்பட்டறை, ரசாயனக் கூடம், உப்புக் காற்று வீசும் கடலோரம் ஆகிய இடங்களில் தகடு கீழ்ப்பக்கமாகத் துருப்பிடித்து அரித்துப் போயிருக்கும். மேலே பெயிண்ட் மட்டும் அழகாக இருக்கும்.

போல்ட் வரிசையில் நடந்தால் போதுமா?

கூரை வேலையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இந்த யோசனையைச் சொல்வார்கள்: "போல்ட் போன வரிசையைப் பாத்து மிதிச்சு நட, கீழ பர்லின் இருக்கும்." பாதி உண்மை என்பதால் இந்த யோசனை அதிகம் நம்பப்படுகிறது, அதிகம் ஆட்களையும் விழ வைக்கிறது.

கிட்டே போய்ப் பார்ப்போம். ஜே போல்ட் அலையின் மேடு வழியாக இறங்கி, கீழே பர்லினைக் கொக்கி போல் பிடித்திருக்கிறது. மேலே தார் வாஷர், இரும்பு வாஷர், நட். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் சுமார் 15 சென்டிமீட்டர் தூரம், நடுவில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி. பர்லினின் மேல் அகலம் இரண்டு மூன்று அங்குலம்தான். அந்தக் கோட்டின் மேலேயே, குழியும் மேடுமாக இருக்கிற சாய்வில், அடி மாற்றி அடி வைத்துப் போக வேண்டும். ஒரு கையில் பெயிண்ட் டப்பா இருக்கும், கண்ணில் வெயில் அடிக்கும். பாசி இருந்தால் கால் வழுக்கும். கொஞ்சம் தள்ளாடினால் மனித உடம்பு தானாகவே ஒரு காலைப் பக்கவாட்டில் ஊன்றும், யோசித்துச் செய்வதல்ல அது. அந்தக் கால் போய் ஊன்றுகிற இடம் ஷீட்டின் நடுப்பகுதி. அதுவும் மெதுவாக வைத்த காலாக இருக்காது, முழு உடம்பின் எடையோடு இறங்கிய கால்.

பர்லினில் வளைவு இருக்கலாம், பழைய ஷீட்டை மாற்றியபோது போல்ட்டை வேறு வரிசையில் போட்டிருக்கலாம், முகட்டுக்குப் பக்கத்தில் ஷீட் பர்லினைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கலாம். இதையெல்லாம் போல்ட் வரிசை உங்களுக்குச் சொல்லாது. அதனால் போல்ட் வரிசையை வழி என்று எண்ண வேண்டாம். நடப்பதற்காகக் கூரை மேல் போடும் பலகை எங்கே தாங்கி உட்கார வேண்டும் என்று காட்டும் அடையாளமாக மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே விழ எவ்வளவு நேரம்?

20 அடி உயர ஷெட்டில், அதாவது 6 மீட்டரிலிருந்து விழுந்தால் தரையைத் தொட ஒரு நொடிக்குச் சற்றே கூடுதலாகும். தொடும்போது வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர். 4 மீட்டர் உயரமென்றால் மணிக்கு 32 கிலோமீட்டர். கீழே இருப்பது மணல் அல்ல, கான்கிரீட் தரை அல்லது மெஷின். விளிம்பில் வழுக்குகிறவராவது எதையாவது பிடிக்கப் பார்ப்பார். ஷீட் உடைந்து விழுபவருக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை, பிடித்ததும் கையோடு பெயர்ந்து வரும். உயரம் குறைவுதானே என்று சமாதானம் சொல்ல இங்கே இடமே இல்லை.

ஏறாமல் முடியுமா என்பதே முதல் கேள்வி

பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு உயரப் பணி விதிகள் இதைத்தான் முதலில் கேட்கச் சொல்கின்றன. உடையும் கூரையின் மேல் போகாமலே அந்த வேலையைச் செய்ய முடியுமென்றால் மேலே போகக் கூடாது. நம்மூருக்கும் இது அப்படியே பொருந்தும். நான் பார்த்தவரையில் கூரை வேலைகளில் கணிசமானவற்றைக் கீழிருந்தே முடித்துவிடலாம். ஒரே ஒரு ஷீட்டை மாற்ற வேண்டுமா? ஷெட்டுக்கு உள்ளே சாரம் கட்டி, அல்லது சக்கரம் வைத்த சாரத்தைத் தள்ளிக்கொண்டு போய், கீழ்ப்பக்கமிருந்து கொக்கியை அறுத்து ஷீட்டை இறக்கலாம். ஆளை மேலே தூக்கிக்கொண்டு போகும் சிஸ்ஸர் லிஃப்ட்டும் பூம் லிஃப்ட்டும் இப்போது கோவை, சென்னை, ஓசூர் பக்கம் வாடகைக்குக் கிடைக்கின்றன. பூம் லிஃப்ட் கூடையில் நின்றபடி கூரைக்கு வெளியிலிருந்தே வேலை செய்ய முடியும். மழைத்தண்ணீர் போகும் காடியில் அடைத்த இலையைச் சாரத்தின் மேல் நின்றே எடுக்கலாம். வெறும் பார்வையிடல்தான் என்றால் ட்ரோன் போதும், கல்யாண வீட்டில் படம் எடுக்கிற பையனிடமே இருக்கும்.

சாரத்துக்கு ஆகும் செலவைச் சொல்லித்தான் மறுப்பார்கள். உள்ளே மெஷின் ஓடுகிறது, நிறுத்தினால் உற்பத்தி போகும் என்பார்கள். வேலை நடக்கிற இடத்துக்குக் கீழே ஆள் இருக்கக் கூடாது என்பதால், மேலே ஏறினாலும் அந்த மெஷினை நிறுத்தித்தான் ஆக வேண்டும். அப்படியிருக்க, அந்தக் கணக்கு நிற்காது.

மேலே போய்த்தான் ஆக வேண்டும் என்றால்

எடையைத் தாங்க வேண்டியது பர்லின்தான், ஷீட் அல்ல. அதற்குத்தான் ஷீட்டின் மேல் போட்டு நடக்கும் ஊர்வுப் பலகையும் கூரை ஏணியும். ஒரு பலகை குறைந்தது இரண்டு மூன்று பர்லின்களின் மேல் உட்காரும் நீளம் இருக்க வேண்டும், நழுவாமல் கட்டியிருக்க வேண்டும், வழுக்காமலிருக்கக் குறுக்குச் சட்டம் அடித்திருக்க வேண்டும். சரிவில் போடும் கூரை ஏணி முகட்டுக்கு மேலே வளைந்து மறுபக்கம் பிடிக்கும். அந்தப் பிடி முகட்டு ஓட்டின் மேல் மட்டும் தொங்கக் கூடாது, அந்த ஓடும் அதே சிமெண்ட்தான்.

ஒற்றைப் பலகையோடு யாரையும் ஏற்றாதீர்கள். ஒன்றில் நின்றுகொண்டுதான் அடுத்ததை நகர்த்த முடியும். ஒரே பலகை இருந்தால் அதை நகர்த்துவதற்காக ஆள் ஷீட்டில் இறங்குவார், கண்டிப்பாக இறங்குவார். பலகையிலிருந்து கை நீட்டி எட்டும் தூரத்தில் ஃபைபர் ஷீட் இருந்தால் அதையும் பலகையால் மூடிக் கட்டிவிட வேண்டும். வேலை நடக்கும் பகுதிக்கு அடியில் பாதுகாப்பு வலை கட்ட முடிந்தால் ரொம்ப நல்லது. கூரைக்கு எவ்வளவு நெருக்கமாகக் கட்டுகிறோமோ அவ்வளவு குறைவாக ஆள் விழுவார். வலை எல்லோரையும் காக்கும், யாரும் மாட்ட மறந்துவிட முடியாது என்பதால் பெல்ட்டை விட நான் வலையைத்தான் முதலில் சொல்வேன்.

அடுத்து பெல்ட். "சேஃப்டி பெல்ட் போட்டுட்டான் சார்" என்றதும் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். முதலில், இடுப்பில் மட்டும் கட்டுகிற பெல்ட் வேண்டாம். விழுந்து தொங்கினால் அது வயிற்றையும் முதுகெலும்பையும் நசுக்கும். தோள், மார்பு, தொடை மூன்றையும் பிடிக்கிற முழு உடல் ஹார்னஸ்தான் வேண்டும். அடுத்து, அதை எதில் மாட்டுகிறோம்? ஜே போல்ட்டில் மாட்டியிருப்பதைப் பார்க்கலாம், அது மாட்டாமலிருப்பதற்குச் சமம். விழுகிற ஆளை நிறுத்தும்போது, விரிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் அப்சார்பர் கயிற்றில் இருந்தும்கூட, 6 கிலோநியூட்டன் வரை இழுவை வரலாம், கிட்டத்தட்ட 600 கிலோ. மாட்டும் இடம் அதைவிடப் பல மடங்கு தாங்க வேண்டும். எனவே தூண், ட்ரஸ் போன்ற முக்கியச் சட்டத்தில், இன்ஜினீயர் பார்த்துச் சொன்ன இடத்தில் மட்டும் மாட்ட வேண்டும். இரண்டு தூணுக்கு நடுவே கம்பிக் கயிறு கட்டி அதில் மாட்டுவதாக இருந்தாலும் இன்ஜினீயர் கணக்குப் போட்டுத்தான் கட்ட வேண்டும். விறைப்பாகக் கட்டிய கயிற்றில் நடுவே எடை விழும்போது இரு முனைகளிலும் இழுவை பல மடங்காகிவிடும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, பலரும் போட்டுப் பார்ப்பதில்லை. கால்மட்டத்தில் மாட்டிய 1.8 மீட்டர் கயிற்றோடு ஒருவர் ஷீட் உடைந்து விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கயிறு விறைக்கும்போது ஹார்னஸின் முதுகு வளையம் கூரைக்கு 1.8 மீட்டர் கீழே இருக்கும். வளையத்திலிருந்து பாதம் வரை இன்னும் 1.5 மீட்டர். அதன் பிறகு அப்சார்பர் விரிவதில் 1.75 மீட்டர் வரை போகலாம். பாதத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு மீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். கூட்டினால் 6 மீட்டருக்குச் சற்று மேலே, 20 அடி! உங்கள் ஷெட் 14 அடி என்றால், எல்லாவற்றையும் முறையாக மாட்டியிருந்தும் கயிறு வேலை செய்து முடிக்கும் முன்பே அவர் தரையில் இருப்பார். அந்த உயரத்தில் வலையோ கீழிருந்து செய்யும் முறையோதான் சரி. கயிறு முறைதான் என்றால் தலைக்கு மேல் மாட்டும் இடமோ, காரின் சீட் பெல்ட் போல் உடனே பூட்டிக்கொள்ளும் சுருள்வகைக் கருவியோ வேண்டும். அந்தக் கருவியும் கிடைமட்டமாக, கூரிய விளிம்பின் மேல் பயன்படுத்தத் தக்கது என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்க வேண்டும். உடைந்த ஷீட்டின் ஓரத்திலும் பர்லின் விளிம்பிலும் கயிறு உரசி அறுபடலாம்.

மொட்டை மாடியில் என்றால் கயிற்றைக் குட்டையாகக் கட்டி, ஆள் விளிம்புக்கே போகாமல் தடுத்துவிடலாம். உடையும் கூரையில் அது பலிக்காது. இங்கே ஒவ்வொரு அடியும் விளிம்புதான்.

ஹார்னஸில் தொங்குகிறவரைச் சில நிமிடங்களுக்குள் இறக்க வேண்டும். அசையாமல் நேராகத் தொங்கினால் ரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகும். சுயநினைவு இருந்தால் காலை ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். எப்படி இறக்குவது, எந்த ஏணி, யார் ஏறுவது என்பதெல்லாம் வேலை தொடங்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். தரையில் விழுந்துவிட்டால் 108 அழையுங்கள். மேலே மிச்சமிருக்கும் ஷீட் தலையில் விழும் அபாயம் இருந்தால் ஒழிய, தூக்கி உட்கார வைக்காதீர்கள், ஆட்டோவில் மடக்கிப் போடாதீர்கள். முதுகெலும்பு அடிபட்டிருக்கலாம்.

மழையிலும் காற்றிலும் ஏறவே கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது டெல்டாவில் எத்தனையோ கூரைகள் பெயர்ந்தன. புயலுக்குப் பிறகு உறுதியாகத் தெரிகிற ஷீட்கூட போல்ட் தளர்ந்து, விரிசல் விட்டு இருக்கும். வீட்டுக்குள் தண்ணீர் கொட்டும் அவசரம் புரிகிறது. அன்றைக்கு உள்ளே தார்ப்பாய் கட்டுங்கள், கூரையை வெயில் வந்ததும் பார்க்கலாம்.

தூசியையும் மறக்க வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் நார் நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும் என்பது சந்தேகமில்லாமல் நிரூபணமான விஷயம். கிரைண்டர் வைத்து அறுப்பது, உடைத்துத் தள்ளுவது, உலர்ந்த துடைப்பத்தால் கூட்டுவது மூன்றும் கூடாது. நனைத்து, முழு ஷீட்டாகவே இறக்குங்கள். முகத்தில் கட்டிய துண்டு இந்த நாரைத் தடுக்காது, அதற்குரிய வடிகட்டி முகக்கவசம் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவு, விழ வாய்ப்புள்ள உயரத்தில் வேலை செய்பவருக்குத் தடுப்பு கட்டியோ வேறு வழியிலோ பாதுகாப்பு செய்து தரச் சொன்னது. அதன் கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகளில் உடையும் கூரைக்கென்றே தனி விதி உண்டு: உடைந்தால் 3 மீட்டருக்கு மேல் விழ நேரும் கூரையில், உறுதியாகத் தாங்கப்பட்ட ஏணியோ ஊர்வுப் பலகையோ இல்லாமல் யாரையும் நிற்கவோ நடக்கவோ வைக்கக் கூடாது, ஒவ்வொரு முறையும் பொறுப்பானவர் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி தர வேண்டும். 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்தாலும், பாதுகாப்பு செய்து தரும் கடமை முதலாளியுடையதுதான். "கான்ட்ராக்டர் ஆள், எனக்குத் தெரியாது" என்பது பதிலாகாது. தினக்கூலிக்கு வந்தவர் "பலகை இல்லாம ஏற மாட்டேன்" என்று சொன்னால் அதை மதித்து வேலையை நிறுத்துகிற மேஸ்திரிதான் நல்ல மேஸ்திரி.

அனுமதிச் சீட்டு பெரிய ஆவணமாக இருக்க வேண்டியதில்லை. எந்த வேலை, யார் ஏறுகிறார்கள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, பலகை எத்தனை, எங்கே மாட்டுவது, கீழே எந்தப் பகுதி மூடப்பட்டது, மீட்க யார் என்பதை எழுதினால் போதும். எழுதுகிறவர் கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

கூரையை மொத்தமாக மாற்றுகிற வாய்ப்பு வந்தால் அப்போதே சில வேலைகளைச் செய்துவிடுங்கள். ஃபைபர் ஷீட்டுக்கு அடியில் பர்லினோடு சேர்த்து இரும்பு வலை அடித்துவிடுங்கள். சோலார் பேனல் போடப்போகிறீர்கள் என்றால் துடைக்கப் போகிறவருக்குக் கைப்பிடியோடு நடைபாதையையும் அதே எஸ்டிமேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள், பிறகு யாரும் தனியாகப் போடுவதில்லை. கூரைக்குப் போகும் ஏணியின் அடிப்பகுதியில் பூட்டோடு கதவு வையுங்கள், பந்து எடுக்க ஏறும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். ஏணிக்குப் பக்கத்தில் கண் மட்டத்தில் ஒரு போர்டு: "உடையும் கூரை. பலகை, அனுமதி இல்லாமல் ஏறக் கூடாது." வட மாநிலத் தொழிலாளர்கள் இருக்கும் இடமென்றால் இந்தியிலும் எழுதி, பக்கத்தில் ஆள் ஷீட் உடைந்து விழுகிற படமும் வரைந்து வையுங்கள். சாவி யாரிடம் இருக்கிறதோ, அனுமதிச் சீட்டும் அவரிடமே இருக்கட்டும்.